மனனம் செய்ததெல்லாம் இல்மாகிவிடுமா? – அறிஞர் இப்னு கல்தூன் (ரஹ்) அவர்களின் வாழ்விலிருந்து

பிள்ளைகளின் படிப்பைப் பற்றிப் பேச்செடுத்தால் நம் வீடுகளில் இரண்டு கட்சிகள் உண்டு. நெஞ்சில் இருப்பதுதான் படிப்பு, ஆகவே மனனம் செய்யட்டும் என்பார்கள் ஒரு சாரார். பொருள் விளங்காமல் கிளிப்பிள்ளை போல் ஒப்புவித்து என்ன பயன் என்பார்கள் மறு சாரார். கல்லூரிக்குப் போகும் பேரன் ஒரு பக்கமும், ஓதிக் கொடுத்துப் பழகிய பாட்டனார் மறு பக்கமுமாக வழக்கு நடந்துகொண்டே இருக்கிறது. இந்த வழக்கை அறுநூறு ஆண்டுகளுக்கு முன்பே விசாரித்த காழி ஒருவர் உண்டு. அவர்கள் விசாரித்தவர்கள் மட்டுமல்லர்; வழக்கில் தாமே ஒரு சாட்சியாகவும் நின்றவர்கள். அவர்கள்தாம் அப்துர் ரஹ்மான் இப்னு கல்தூன் (ரஹ்).

சரித்திர மேதை என்றும், சமூக இயலின் முன்னோடி என்றும் உலகம் அவர்களைக் கொண்டாடுகிறது. தூனிஸ் நகரின் பெருவீதியில் சிலையே வைத்திருக்கிறார்கள். (அந்தச் சிலையை அந்த மாலிக்கி மத்ஹப் காழி கண்டிருந்தால் என்ன தீர்ப்பளித்திருப்பார்கள் என்பது வேறு விஷயம்!) அரசுகள் எழுவதையும் விழுவதையும் பற்றி அவர்கள் எழுதியதைப் பலரும் எடுத்துப் பேசுகிறார்கள். அதே நூலின் கடைசிப் பகுதியில் கல்வி கற்பதையும் கற்பிப்பதையும் பற்றி அவர்கள் எழுதிய அத்தியாயங்களை வீட்டில் பிள்ளை வைத்திருப்பவர்கள் அறிவது அவசியம் என்று நாம் கருதுகிறோம்.

ஹிஜ்ரி 732 ரமளான் பிறை 1, அதாவது கி.பி. 1332 மே 27 அன்று, தூனிஸில் பிறந்தார்கள். முன்னோர் ஹளரமவ்த் பகுதியின் அரபுகள். ஸ்பெயினுக்குப் போய் இஷ்பீலியா எனப்படும் செவில் நகரில் தலைமுறை தலைமுறையாகச் செல்வாக்கோடு வாழ்ந்து, அந்நகர் கைமாறும் காலம் நெருங்கியபோது கடல் தாண்டி ஆப்பிரிக்கக் கரைக்கு வந்த குடும்பம். தகப்பனார் அரசாங்க உத்தியோகத்தை ஒதுக்கிவிட்டு இல்மிலும் இபாதத்திலும் காலம் கழித்தவர். மகனுடைய முதல் உஸ்தாதும் அவரே.

குர்ஆன் ஓதியது முஹம்மது இப்னு ஸஅத் இப்னு புர்ரால் என்ற பெரியாரிடம். முழுக் குர்ஆனையும் மனனம் செய்ததோடு நிற்கவில்லை. ஏழு கிராஅத்துகளிலும் திரும்பத் திரும்ப 21 கத்முகள் ஓதி ஒப்புவித்ததாகத் தம் சுயசரிதையில் குறித்திருக்கிறார்கள். கிராஅத் கலையில் இமாம் ஷாத்திபி (ரஹ்) அவர்கள் இயற்றிய இரண்டு நெடும் பாடல்களையும் நெஞ்சில் ஏற்றினார்கள். அவற்றில் பெரியது மட்டுமே 1173 பைத்துகள் கொண்டது. பிறகு நஹ்வு, ஃபிக்ஹு, ஹதீஸ் என்று அக்கால வழக்கப்படி கிதாபு கிதாபாக ஓதி வந்தார்கள். ஆக, மனனத்தின் அருமை தெரியாத ஒருவர் வெளியில் நின்று குறை சொன்ன கதை அல்ல இது. இதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பதினாறு, பதினேழு வயதில் பேரிடி விழுந்தது. ஹிஜ்ரி 749-ல் (கி.பி. 1348) கொள்ளை நோய் தூனிஸைச் சூறையாடியது. தாயும் தகப்பனும் போனார்கள். உஸ்தாதுமார்களில் பெரும்பாலோரும் போனார்கள். அந்தத் தனிமையில் அவர்களுக்கு வாய்த்த உஸ்தாதுதான் முஹம்மது இப்னு இப்ராஹீம் அல்ஆபிலி (ரஹ்). திலிம்ஸானைச் சேர்ந்த இவர்கள், மொராக்கோ சுல்தான் அபுல் ஹஸன் 1347-ல் தூனிஸைக் கைப்பற்றியபோது அவருடன் வந்த ஆலிம்களில் ஒருவர். மன்திக், கணிதம், உஸூல் ஆகிய அறிவுத் துறைகளில் அக்காலத்து மேற்குலகில் இவர்களுக்கு ஈடு இல்லை.

ஆபிலி அவர்கள் ஒரு விசித்திரமான கருத்துடையவர்கள். நூல்கள் பெருகியதால் இல்ம் கெட்டது, மத்ரஸாக்கள் கட்டியதால் இல்ம் போயிற்று என்பது அவர்கள் சொல்லி வந்ததாகப் பின்னோர் எழுதி வைத்திருக்கிறார்கள். முன்பு ஒரு மஸ்அலாவுக்காக ஊர் ஊராக அலைந்தவன், இப்போது நாலு காசுக்கு நூலை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டுத் தனக்கு இல்ம் வந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறான். மத்ரஸாவிலோ, மானியத்துக்காக வருபவன் இல்முக்காக வருபவனைத் தள்ளிவிடுகிறான் என்பது அவர்களுடைய வருத்தம். கடுமையான கருத்துத்தான். முழுக்க ஏற்க நமக்கே தயக்கம் உண்டு. ஆனால் தாய் தகப்பன் இல்லாத அந்த இளைஞருக்கு அவர்கள் கொடுத்தது பாடம் மட்டுமல்ல. ஒன்றைக் கேட்டால் ஏன், எப்படி என்று கிளறிப் பார்க்கும் பழக்கம்.

அந்தப் பழக்கத்தின் முதல் விளைச்சல் ஒரு நூல். இமாம் ஃபக்ருத்தீன் ராஸி (ரஹ்) அவர்களின் ‘முஹஸ்ஸல்’ என்ற கடினமான கலாம் கிதாபை ஆபிலி அவர்களிடம் பாடம் ஓதி, அதைச் சுருக்கி ஹிஜ்ரி 752-ல் (1351) எழுதி முடித்தார்கள் இப்னு கல்தூன் (ரஹ்). அப்போது வயது பத்தொன்பது. அவர்கள் கையால் எழுதிய அப்பிரதி இன்றும் ஸ்பெயினில் எஸ்கோரியல் நூலகத்தில் இருக்கிறது. சுருக்க நூல்கள் மாணவர்களைக் கெடுக்கின்றன என்று பிற்காலத்தில் எழுதப்போகிறவர்களின் முதல் நூலே ஒரு சுருக்கம்! இதில் நாம் குறை காணவில்லை. தாமே நடந்து பார்த்த பாதையைப் பற்றித்தான் பின்னால் எச்சரித்தார்கள்.

அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளை நாம் விரைவாகவே கடந்துவிடலாம். அவை அரசியல் ஆண்டுகள். தூனிஸில் சுல்தானின் கடிதங்களுக்கு முத்திரை வாசகம் எழுதும் உத்தியோகம். பிறகு ஃபாஸ் நகரில் சுல்தான் அபூ இனானின் சபை. அவரது சந்தேகத்துக்கு ஆளாகி 1357 தொடங்கி இருபத்தொரு மாதச் சிறைவாசம். 1362-ல் ஸ்பெயினின் கர்னாத்தா. அங்கிருந்து செவில் நகரின் கிறிஸ்தவ அரசரிடம் தூது. முன்னோரின் சொத்துகளைத் திருப்பித் தருகிறேன், இங்கேயே தங்கிவிடுங்கள் என்று அந்த அரசர் அழைத்தும் மறுத்துவிட்டார்கள். பிஜாயா பட்டணத்தில் சுல்தானின் முதன்மை அதிகாரியாக இருந்தபோதும், காலையில் அரசு வேலை முடிந்ததும் பள்ளிவாசலில் போய் உட்கார்ந்து பாடம் நடத்தியிருக்கிறார்கள். அந்த ஒன்றை மட்டும் விடவில்லை.

கர்னாத்தாவின் வஜீராக இருந்தவர் லிஸானுத்தீன் இப்னுல் கத்தீப். கவிதையிலும் உரைநடையிலும் ஸ்பெயின் கண்ட கடைசிப் பெரும் புலவர்களில் ஒருவர். இப்னு கல்தூன் (ரஹ்) அவர்களுக்கு உற்ற நண்பர். இவரிடம் ஒரு நாள் அவர்கள் தம் மனக்குறையைச் சொன்னார்கள். கவிதையின் நுட்பம் தமக்கு நன்றாகத் தெரிகிறது. குர்ஆனும் ஹதீஸும் அரபுகளின் உயர்ந்த சொற்களும் ஓரளவு மனனமாக இருக்கின்றன. ஆனாலும் பாட உட்கார்ந்தால் வார்த்தை வர மறுக்கிறது. காரணம், சிறு வயது முதல் நெஞ்சில் ஏற்றிய பாட நூல்களாக இருக்குமோ என்று சந்தேகப்பட்டார்கள். ஷாத்திபியின் இரு பாடல்கள், இப்னுல் ஹாஜிபின் ஃபிக்ஹு, உஸூல் சுருக்கங்கள், கூனஜியின் மன்திக் நூல், இன்னும் பாடசாலைச் சட்ட திட்டங்கள் எல்லாம் உள்ளே இடத்தை அடைத்துக்கொண்டு, உயிருள்ள மொழி வெளியே வரும் வழியை மறித்துவிட்டன என்றார்கள். இப்னுல் கத்தீப் சிறிது நேரம் அவர்களையே வியப்போடு பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, உங்களைப் போன்ற ஒருவரால்தான் இப்படிச் சொல்ல முடியும் என்று பாராட்டினாராம்.

எவ்வளவு பெரிய வாக்குமூலம் என்று பாருங்கள். மனனம் செய்தது வீண் என்று அவர்கள் சொல்லவில்லை. எதை மனனம் செய்கிறோமோ அதன் அச்சில் மனம் வார்க்கப்பட்டுவிடுகிறது என்று சொன்னார்கள். நல்ல கவிதையை மனனம் செய்தவன் நல்ல கவிதையின் அச்சில் வார்க்கப்படுகிறான். சட்ட விதிகளை மட்டுமே மனனம் செய்தவனுக்குப் பாட்டிலும் விதிதான் வருகிறது. பெயர் சொல்லாமல் ஒரு பாட்டின் தொடக்கத்தைப் படித்துக் காட்டியதும், இது ஒரு ஃபிக்ஹு ஆலிம் பாடியது என்று கேட்டவர் உடனே கண்டுபிடித்துவிட்ட வேடிக்கையையும் அவர்கள் எழுதியிருக்கிறார்கள். சட்ட விவாதத்தில் வழங்கும் சொல் ஒன்று அந்தப் பாட்டுக்குள் நுழைந்திருந்ததாம்!

அரசியல் அவர்களைக் களைப்படையச் செய்தது. 1374-ல் நண்பர் இப்னுல் கத்தீப் ஃபாஸ் நகரச் சிறையில் கொல்லப்பட்டார். மறு ஆண்டு, 1375-ல், குடும்பத்தோடு இன்றைய அல்ஜீரியாவிலுள்ள இப்னு ஸலாமா கோட்டைக்குப் போய் ஒதுங்கினார்கள். அங்கே ஏறத்தாழ நான்கு ஆண்டுகள். அங்கேதான் ஹிஜ்ரி 779-ல் (1377) ஐந்தே மாதங்களில் ‘முகத்திமா’வின் முதல் பிரதி எழுதி முடிந்தது. பெரிய நூலகங்கள் கைக்கெட்டாத தனி இடத்தில், நெஞ்சிலிருந்தவற்றைக் கொண்டே அவ்வளவும் எழுதினார்கள். மனனத்தின் பயனுக்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா என்று பாட்டனார் கட்சிக்காரர்கள் கேட்கலாம். கேட்கட்டும். அந்த நூல் என்ன சொல்கிறது என்பதையும் அவர்கள் கேட்க வேண்டும்.

கல்வியைக் குறித்து அவர்கள் கையாளும் மையமான சொல் ‘மலகா’. கைவந்த திறன் என்று நாம் தமிழில் சொல்லலாம். ஒரு மஸ்அலாவை விளங்கிக்கொள்வதும், அதை நெஞ்சில் வைத்திருப்பதும் மலகா ஆகாது. அந்த ஒரு மஸ்அலாவை நேற்றுச் சேர்ந்த மாணவனும் விளங்குகிறான், நாற்பது ஆண்டு ஓதிய ஆலிமும் விளங்குகிறார். ஆனால் அந்தக் கலை முழுவதையும் வேரோடு பிடித்து, புதிதாக ஒன்று வரும்போது தாமே வழி கண்டு நடத்தும் திறன் ஆலிமிடம் மட்டுமே இருக்கிறது. ஆக, விளங்கினால் போதும் என்கிற பேரன் கட்சிக்கும் இதில் வெற்றி இல்லை.

அவர்கள் தரும் உதாரணம் தையற்காரனும் தச்சனும். ஊசியில் நூல் கோத்து, துணியின் இரு ஓரங்களைச் சேர்த்து, இப்படிக் குத்தி அப்படி எடுக்க வேண்டும் என்று ஒருவன் தையலை அழகாக விவரிக்கிறான். ஊசியைக் கையில் கொடுத்தால் ஒரு தையல் போடத் தெரியவில்லை. மரத்தில் வாளை எப்படி வைத்து இருவர் எப்படி இழுக்க வேண்டும் என்று விளக்குகிறவனிடம் மரத்தைக் கொடுத்தாலும் அதே கதைதான். நஹ்வு விதிகளைக் கரைத்துக் குடித்த எத்தனையோ பேர், தம் சகோதரனுக்கோ நண்பனுக்கோ இரண்டு வரிக் கடிதம் எழுதினால் அதில் பிழை மலிந்து கிடக்கிறது என்று வருந்துகிறார்கள்.

இதைப் படிக்கும்போது நம் சொந்த அனுபவம் ஒன்று நினைவுக்கு வருகிறது. சிறு வயதில் மக்தபில் வுளுவின் பர்ளுகள் ஆறையும் ஒரே மூச்சில் ஒப்புவிப்போம். ஆறாவது பர்ளு தர்தீப், அதாவது வரிசைப்படி செய்வது. அதையும் எழுத்துப் பிசகாமல் சொல்வோம். ஒரு நாள் ஹவுளுக் கரையில் உஸ்தாது நம்மை நிறுத்தி, ஒருவர் காலைக் கழுவிவிட்டுப் பிறகு தலைக்கு மஸ்ஹு செய்தால் அவருடைய வுளு என்ன ஆகும் என்று கேட்டார்கள். நாம் திருதிருவென விழித்தோம். தர்தீப் என்ற சொல் நாவில் இருந்தது. அதற்கும் நம் காலுக்கும் உள்ள தொடர்பு தெரியவில்லை. உஸ்தாது கோபிக்கவில்லை. தண்ணீரை அள்ளி, தலைக்கு மஸ்ஹு செய்து, மீண்டும் காலைக் கழுவிக் காட்டினார்கள். அந்த ஆறாவது பர்ளை நாம் இன்றுவரை மறக்கவில்லை.

மலகா வருவதற்கு எளிய வழி நாவைத் திறப்பது என்கிறார்கள் இப்னு கல்தூன் (ரஹ்). கேட்க வேண்டும், பதில் சொல்ல வேண்டும், வாதிக்க வேண்டும். தம் காலத்து மொராக்கோவில் அவர்கள் கண்ட காட்சி வேறு. ஆயுளில் பெரும்பகுதியை மஜ்லிஸ்களில் கழித்தும் வாய் திறவாமல் மவுனமாக உட்கார்ந்திருக்கும் மாணவர்கள். அவர்களின் கவனமெல்லாம் அளவுக்கு மிஞ்சி மனனத்தில். ஓதி முடித்துவிட்டதாகத் தாமே நினைத்துக்கொண்டவர், ஒரு வாதத்திலோ பாடம் நடத்தும்போதோ தடுமாறி நிற்பார். மற்ற ஊராரைவிட அவர்களுடைய மனனம் அதிகமாகவே இருந்தது. குறை அதில் இல்லை என்பதையும் நேர்மையாகக் குறிப்பிடுகிறார்கள். மொராக்கோ மத்ரஸாக்களில் மாணவர் தங்கிப் படிக்கும் காலம் 16 ஆண்டு. தூனிஸிலோ 5 ஆண்டு. 16 ஆண்டு நீண்டதற்குக் காரணம், கற்பிக்கும் முறை செம்மையாக இல்லாததே என்பது அவர்கள் கருத்து. கைரவானும் குர்துபாவும் பாழான பின் உஸ்தாதிடமிருந்து உஸ்தாதுக்கு வந்த கற்பிக்கும் கலையின் தொடர் அங்கே அறுந்துபோயிற்று. பதினொரு ஆண்டுகள்! ஓர் இளைஞனின் வாழ்வில் அது எவ்வளவு என்று பெற்றோர்கள்தாம் கணக்குப் பார்க்க வேண்டும்.

அப்படியானால் எப்படிக் கற்பிப்பது? மூன்று சுற்று என்கிறார்கள். முதல் சுற்றில் ஒவ்வொரு பாடத்தின் அடிப்படையை மட்டும் மாணவனின் அறிவுக்குத் தக்கபடி சுருக்கமாகச் சொல்ல வேண்டும். இரண்டாவது சுற்றில் அதே கலையை மறுபடி எடுத்து, விளக்கத்தோடும் கருத்து வேறுபாடுகளோடும் சொல்ல வேண்டும். மூன்றாவது சுற்றில் சிக்கலான எதையும் அவிழ்க்காமல் விடக்கூடாது. உஸ்தாதுமார் சிலர் முதல் நாளே முடிச்சு விழுந்த மஸ்அலாவைப் போட்டு மாணவனின் மூளையைப் பிழிகிறார்கள். அவனோ இந்தக் கலையே நமக்கு ஆகாது என்று ஓடிவிடுகிறான். தவறு கலையில் இல்லை, கற்பித்ததில் இருக்கிறது. இரண்டு கலைகளை ஒரே நேரத்தில் போட்டுக் குழப்பாதீர்கள். பாடத்துக்கும் பாடத்துக்கும் இடையில் நீண்ட இடைவெளி விடாதீர்கள், விட்டால் மறதி வந்து முன்னது பின்னது தொடர்பு அறுந்துவிடும் என்றும் எச்சரிக்கிறார்கள். நினைவாற்றலுக்கு அவர்கள் தரும் இடம் இதில் விளங்குகிறது. நினைவு நூலிழை; அறுந்தால் நெய்ய முடியாது. இழையைக் குவித்து வைத்திருப்பது மட்டும் துணி ஆகாது.

கவிதை பழகுகிறவனுக்கு அவர்கள் சொன்ன யோசனை இன்னும் வியப்பானது. நல்ல பாடல்களை ஏராளமாக மனனம் செய். பிறகு அவற்றை மறந்துவிடு. சொற்கள் மறைந்துபோனாலும் அவற்றின் வார்ப்பு மனதில் தறியைப் போல் நிற்கும். அந்தத் தறியில் உன் சொந்த நெசவை நெய்யலாம் என்றார்கள். இது கவிதையைப் பற்றிய பேச்சு. குர்ஆனை மனனம் செய்த பிள்ளை மறக்கலாம் என்று இதிலிருந்து யாரும் பத்வா எடுத்துவிட வேண்டாம்!

குர்ஆனைப் பிள்ளைகளுக்குக் கற்பிப்பது பற்றித் தனி அத்தியாயமே உண்டு. மொராக்கோவில் பிள்ளைக்குக் குர்ஆனும் அதன் எழுத்து முறையும் தவிர வேறெதுவும் சொல்லிக் கொடுப்பதில்லை. ஸ்பெயினில் குர்ஆனோடு கவிதை, கடிதக் கலை, நஹ்வு, கையெழுத்து எல்லாம் சேர்த்துக் கற்பித்தார்கள். தூனிஸ் பகுதியில் குர்ஆனோடு ஹதீஸும் சில அடிப்படைப் பாடங்களும். ஸ்பெயினின் காழி அபூபக்ர் இப்னுல் அரபி (ரஹ்) இவற்றையெல்லாம் விட்டு ஒரு புது வழி சொன்னார்கள். முதலில் மொழியும் கவிதையும், அடுத்துக் கணக்கு, அதற்குப் பிறகே குர்ஆன். அப்போதுதான் பிள்ளை ஓதுவதை விளங்கி ஓதும் என்றார்கள். விளங்காத ஒன்றைப் பிள்ளையிடம் முதலில் கொடுக்கிறோமே என்பது அவர்களுடைய ஆதங்கம்.

இப்னு கல்தூன் (ரஹ்) இதற்கு என்ன தீர்ப்புச் சொன்னார்கள்? வழி நல்ல வழிதான் என்று தயங்காமல் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் ஊர் வழக்கம் இடந்தராது, அதற்குக் காரணமும் உண்டு என்றார்கள். பிள்ளை சிறியவனாக நம் சொல்லுக்குள் இருக்கும்போதே குர்ஆன் நெஞ்சில் இறங்கிவிட வேண்டும் என்று பெற்றோர் அஞ்சுகிறார்கள். வாலிபம் வந்து அலை எந்தக் கரைக்கு அடித்துச் செல்லுமோ, பிறகு குர்ஆன் இல்லாமலே போய்விடுமோ என்ற அச்சம் அது. பிள்ளை கடைசி வரை கல்வியில் நிற்பான் என்று உறுதியாகத் தெரியுமானால், இப்னுல் அரபி (ரஹ்) அவர்களின் வழியே கிழக்கிலும் மேற்கிலும் சிறந்தது என்று முடித்தார்கள். பதினேழு வயதுக்குள் தாய் தகப்பனை இழந்த ஒருவர் எழுதிய தீர்ப்பு இது என்பதை நாம் மறக்கக்கூடாது. பெற்றோர் கையில் இருக்கும் காலம் எவ்வளவு குறுகியது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

பிரம்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. அடித்து ஓத வைத்த பிள்ளை சோம்பலும் பொய்யும் கற்கிறது, அடிக்குப் பயந்து உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாக நடிக்கப் பழகுகிறது, அதுவே குணமாகிவிடுகிறது என்று எழுதினார்கள். தேவைப்பட்டால் மூன்று அடிக்கு மேல் கூடாது என்று மாலிக்கி இமாம் இப்னு அபீ ஸைத் (ரஹ்) வகுத்த எல்லையையும் எடுத்துக் காட்டினார்கள்.

1378-ல் தூனிஸுக்குத் திரும்பிப் பாடம் நடத்தினார்கள். மாணவர்கள் திரண்டது அவ்வூர்ப் பெரிய முஃப்தி இப்னு அரஃபாவுக்குப் பிடிக்கவில்லை. 1382-ல் ஹஜ்ஜைக் காரணம் சொல்லிக் கப்பலேறி எகிப்து சேர்ந்தார்கள். கைரோவில் அல்அஸ்ஹர் பள்ளியில் மாணவர்கள் சூழ்ந்துகொண்டார்கள். 1384-ல் மாலிக்கி மத்ஹபின் தலைமைக் காழி ஆனார்கள். அதே ஆண்டு, தூனிஸிலிருந்து வந்துகொண்டிருந்த மனைவி மக்கள் கடலில் கப்பல் உடைந்து மூழ்கிப்போன செய்தி வந்தது. பதவியும் போயிற்று. கல்வி ஒன்றுதான் மிஞ்சியது. 1387-ல் ஹஜ்ஜை நிறைவேற்றினார்கள். பிறகு ஸர்கத்மிஷிய்யா மத்ரஸாவில் இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவைப் பாடம் நடத்தினார்கள். 1401-ல் திமிஷ்கை முற்றுகையிட்ட தைமூரின் கூடாரத்தில் அவரோடு நேருக்கு நேர் உரையாடிய கதை உலகப் பிரசித்தம்.

ஹிஜ்ரி 808 ரமளான் 26 அன்று (1406 மார்ச் 17) ஆறாவது முறையாகக் காழி பதவியில் இருந்த நிலையில் வஃபாத்தானார்கள். கைரோவின் பாபுந் நஸ்ர் வாயிலுக்கு வெளியே ஸூஃபியாக்களின் கபுறுஸ்தானில் அடக்கப்பட்டார்கள். அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன், ஹிஜ்ரி 804-ல் எழுதப்பட்ட முகத்திமாவின் பிரதி ஒன்று இஸ்தான்புல்லின் ஆத்திஃப் எஃபந்தி நூலகத்தில் இருக்கிறது. எழுபது வயதைத் தாண்டிய அந்தப் பெரியார் தாம் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் எழுதிய நூலைச் சரிபார்த்துத் தம் கையாலேயே எழுதி வைத்த குறிப்பு அதில் காணப்படுகிறது.